உலுருவிலிருந்து வந்த வைரவர்

1

போன கிழமை அம்மாவின் மூன்றாவது திவசம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஐயரைப் பிடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். எங்கள் ஐயர் ஒரே காலையில் மூன்று வீடு பார்க்கிறவர். தெருவில் கார் விட இடம் கிடைத்தால் மந்திரம் ஆறுதலாக வரும். கிடைக்காவிட்டால் ஒரு கண் ஜன்னலிலேயே இருக்கும். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் வாழைக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய் எல்லாம் வாங்கியாயிற்று. "மூன்று வருடத்துக்கு முன்பு இறந்த தாய்க்கு இப்போது ஏன் லீவு?" என்று கேட்ட மனேஜருக்கு விளங்கப்படுத்தி, அவர் விளங்கினதுபோல் தலையாட்டியும் ஆயிற்று.

எல்லாம் முறைப்படி நடந்தது. வைரவர் மட்டும் இல்லை. ஐந்து வருடமாக எங்கள் பின்வளவில் இருந்தவரை, திவசத்துக்கு எட்டு நாள் முன்பு பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, அவுஸ்திரேலியாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் கூடப்பிறந்த அண்ணை என்னை ஏமாற்றினார். அதைவிட, அம்மாவை ஏமாற்றினார். இதைச் சொல்லி அழுவதற்கு இந்த ஊரில் எனக்கு ஆளில்லை. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். தொண்ணூறாம் ஆண்டு ஓடி வந்தோம். அதற்குப் பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். வீட்டுக்காரருக்கு மட்டும் அங்கே இடமில்லை. வளவில் வேம்பின் கீழ் ஒரு வைரவர் இருந்தார். பெரிய சிலையொன்றும் இல்லை. ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம். எண்ணெயும் சந்தனமும் பூசிப்பூசிக் கறுத்துப் போயிருந்தார்.

அம்மா லண்டனுக்கு வந்து என்னோடு இருந்தார். சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ ஒன்பது பாதை திறந்ததும் இங்கே ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போனார்கள். அம்மாவுக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

"அம்மா, எங்கடை ஊருக்குள்ளை விடமாட்டாங்கள்" என்றேன்.

"விடாட்டிப் பரவாயில்லை. வேலிக்கு இஞ்சாலை நிண்டு பாத்திட்டு வாறன்."

அப்டன் பார்க்கில் இருக்கிற பூமணி அக்காவும் அதே ஊர். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர்கள் வளவு. அம்மாவைவிட வயது குறைவு, கால் கொஞ்சம் பலம். இரண்டு பேரும் சேர்ந்து போவதாக முடிவு. அம்மாவின் பாஸ்போர்ட் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, கையெழுத்துக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம். எழுபத்தேழு வயதில் என் அம்மா சமையல் மேசையில் இருந்து ஒரு சின்னக் கட்டத்துக்குள் தன் பெயரை எழுதிப் பழகினார். டொக்டரிடம் விமானத்தில் போகலாம் என்று கடிதம் வாங்கினோம். சூட்கேசில் பூமணி அக்கா கொடுத்த சூடப் பெட்டியைத்தான் அம்மா முதலில் வைத்தார்.

அப்போதுதான் மெல்பேர்னில் இருக்கிற அண்ணை, தான் முன்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அண்ணை சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு கிழமையில் அவரிடமிருந்து போன் வந்தது. ஒரு தெரிந்த ஆளைப் பிடித்துப் பத்து நிமிடம் உள்ளே போனாராம். வீடு இல்லையாம். வேம்பும் இல்லையாம். கிணறு எங்கே என்றே தெரியவில்லையாம். "வைரவர் உடைஞ்சு கிடந்தார். ஒரு துண்டை எடுத்து வைச்சிருக்கிறன். லண்டனிலை சித்தியின்ரை மகளின்ரை கலியாணத்துக்கு வரேக்கை கொண்டு வாறன். அம்மாவை அலைய வேண்டாமெண்டு சொல்லு."

3

கலியாண வீட்டுக்கு முதல் நாள் அண்ணை வந்து சேர்ந்தார். துவாயில் சுற்றிய ஒன்றை அம்மாவின் மடியில் வைத்தார். பாதித் தேங்காய் அளவு. ஒரு பக்கம் வழவழப்பு, மற்றப் பக்கம் உடைந்தது. நல்ல சிவப்பு.

அம்மா கனநேரம் பார்த்தார். விரலால் தடவினார். "சிவந்து போனார்" என்றார்.

"செம்மண் ஊறியிருக்கு அம்மா. எத்தினை வருசம்" என்றார் அண்ணை.

எங்கள் பக்கம் செம்மண் பூமிதான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் யார்? ஊரில் பதினொரு வருடம் புவியியல் படிப்பித்த ரீச்சர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லால் ஆனது, மண்தான் சிவப்பு, கல் வெள்ளை என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். இப்போது அதிகாலை ஷிப்டில் தபால் பிரிக்கிறேன், என் புவியியல் போஸ்ட்கோடோடு முடிந்துவிட்டது. பாலால் கழுவினாலும் இளநீரால் கழுவினாலும் அந்தச் சிவப்பு ஒரு துளியும் போகவில்லை. செம்மண்ணென்றால் கரைந்திருக்க வேண்டும். அது ஐந்து வருடம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் கேட்கவில்லை.

"சரி, அவரே வந்திட்டார். நான் எதுக்குப் போவான்?" என்றார் அம்மா. சூட்கேசிலிருந்த சூடப் பெட்டியை எடுத்துப் பிரித்தார். பூமணி அக்காவும் தன் பயணத்தை விட்டுவிட்டார். அம்மா இல்லாமல் தனியே போய் என்ன செய்வது, ஊர் மண் இங்கேயே இருக்கிறதே என்றார்.

வைரவர் காவல் தெய்வம், வீட்டுக்குள் வைக்க முடியாது. என் கணவர் பின்வளவில் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துக் கல்லைப் பதித்துக் கொடுத்தார். அம்மாவே அதில் வைரவரை வைத்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்து, சிவப்புத் துணி சுற்றினார். வெள்ளிக்கிழமைகளில் வடைமாலை. அணில்கள் இரண்டொரு வடையை இழுத்துக்கொண்டு ஓடும். மிச்சத்துக்கு நரி வரும். லண்டனில் நரி வேலி தாண்டி வருவது உங்களுக்குப் புதினமாக இருக்கும், இங்கே அது பூனைபோலத்தான். "நாய் இல்லாத ஊரிலை அவர் நரியைப் பிடிச்சு வைச்சிருக்கிறார்" என்று அம்மா சிரிப்பார். பூமணி அக்கா பஸ் எடுத்து வந்து, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். அதைத் தொட்டால் ஊர்ப்பக்கம் போய் வந்ததுபோல் இருக்கிறது என்பார்.

என் மகள் மதுவுக்கு அது "அம்மம்மாடை கல்லு". சிநேகிதிகள் வந்தால் ஷெட் பக்கம் போகவிடமாட்டாள். பக்தி என்று நான் நினைத்தேன். வெட்கம் என்று பிறகு சொன்னாள்.

இரண்டு வருடம் கழித்து அம்மா போய்விட்டார். கடைசி வெள்ளிக்கும் சக்கர நாற்காலியில் இருந்தபடி பால் ஊற்றினார். அடுத்த வருடம் ஏ ஒன்பது பாதையையும் திரும்ப மூடிவிட்டார்கள்.

4

இந்த வருடம் மது யூனிவர்சிட்டி விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனாள். மச்சான் அரனோடும் அவன் சிநேகிதரோடும் பாலைவனத்து உலுருவைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். எங்கள் புத்தகத்தில் எயர்ஸ் ரொக். வெறும் சமவெளியில் தனியாக எழும்பி நிற்கிற பாறை, சூரியன் விழும்போது நெருப்புப்போல் சிவக்கும். கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவள் நான். என் பிள்ளை நேரில் பார்க்கப் போகிறாள் என்று சந்தோசப்பட்டேன்.

ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் போன் வந்தது. அவள் பேசுவது பாதி இங்கிலிஷ். நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

"அம்மா, நான் ஏறேல்லை."

"எங்கை?"

"பாறையிலை. ஏறுறதுக்குச் சங்கிலி போட்டிருக்கு, கன சனம் ஏறுது. ஆனா கீழை ஒரு போர்ட் இருக்கு. இது எங்களுக்குப் புனிதமான இடம், தயவுசெய்து ஏறாதேங்கோ எண்டு அந்த மண்ணின்ரை ஆக்கள் எழுதி வைச்சிருக்கினம். மறிக்கேல்லை அம்மா, கேட்டிருக்கினம். அதாலைதான் எனக்கு ஏற ஏலாமப் போச்சு."

நல்ல பிள்ளை என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"அங்கை ஒரு நிலையம் இருக்கு. முந்தி இஞ்சையிருந்து கல்லு எடுத்துக்கொண்டு போனாக்கள், பிறகு மனசு கேக்காம, மன்னிப்புக் கேட்டுத் தபாலிலை திருப்பி அனுப்புறவையாம். அந்தக் கடிதங்களை வாசிக்கலாம். எந்தெந்த நாட்டிலை இருந்தெல்லாம்..." குரல் மாறியது. "அம்மா, கோவிக்கக் கூடாது. அதைப் பாத்திட்டு அரன் சிரிச்சவன். தன்ரை அப்பாவும் ஒண்டு எடுத்தவர், லண்டன் மாமிக்கு எண்டு. அந்தக் கலியாணத்துக்கு வர முன்னம், பள்ளிக்கூட லீவிலை எண்டு சொன்னவன்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நிறம் அதேதான் அம்மா. அங்கை கிடந்த ஒரு கல்லை நான் கையிலை பிடிச்சுப் பாத்திட்டுக் கீழை வைச்சிட்டன். அது அம்மம்மாடை கல்லுதான்."

அரனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு அது அப்பா வாங்கிக் கொடுக்கிற பரிசுப் பொருள்போல. தமிழ் அவ்வளவாக வராத இந்த இரண்டு பிள்ளைகளும்தான், தமிழ் தெரிந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூடி வைத்ததைத் திறந்தார்கள்.

சோற்றைக் கோப்பையோடு வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனேன். கல் அங்கேதான் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பொட்டு அழியாமல் இருந்தது. எங்கள் ஊரை எங்களிடமிருந்து எடுத்தவர்களை நான் பதினெட்டு வருடமாகத் திட்டுகிறேன். என் வளவில், என் கையால் பால் ஊற்றி வைத்திருந்தது இன்னொரு சனத்திடமிருந்து எடுத்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

5

அடுத்த ஞாயிறு காலை அண்ணைக்கு எடுத்தேன். அங்கே பொழுதுபடும் நேரம்.

"அண்ணை, அந்தக் கல்லை எங்கை எடுத்தனீங்கள்?"

"எந்தக் கல்லு?"

"அம்மா பால் வாத்த கல்லு."

பின்னால் டிவி சத்தம் கேட்டது. பிறகு அதை நிறுத்தினார்.

"மது சொன்னவளோ?"

"நீங்கள் ஊருக்குப் போனனீங்களோ, இல்லையோ?"

"ஓமந்தைச் சோதனைச் சாவடி மட்டும்தான் போனன்." குரல் சிறுத்துவிட்டது. "லைனிலை நிண்டனான். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு உள்ளை போனவன் அரை மணித்தியாலமா வரேல்லை. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது பிள்ளை. பழைய பயம். தந்தவுடனை திரும்பி வந்திட்டன்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே. பயந்து திரும்பினது ஒரு குற்றமோ?"

"சொன்னால் அம்மா வெளிக்கிட்டிருப்பா."

"வெளிக்கிடட்டும்! அவ கேட்டது அது ஒண்டுதானே! வீடு இல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? வேம்பு இல்லையெண்டு ஆர் சொன்னது? அங்கை என்ன இருக்கெண்டு தெரியாமலே எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு வந்திருக்கிறியள்!"

"அவ சந்தோசமாத்தானே கண்ணை மூடினவ? பிறகென்ன?"

எனக்கு வந்த கோபத்தில் அண்ணை என்றும் பார்க்காமல் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கள்ளன் என்றேன். பெற்ற தாய்க்கு வேறு ஆட்களின் கல்லைக் கடவுளென்று கொடுத்தவர் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அம்மாவை எப்பிடியாவது மறியுங்கோ அண்ணை, என்னாலை ஏலாது எண்டு போனிலை அழுதது ஆர்?"

இதை நான் மேலே எழுதாமல் விட்டேன். அழுதது நான்தான். அந்த நேரம் என் வேலை நிரந்தரமாகவில்லை. அம்மாவோடு போக லீவு இல்லை. பூமணி அக்காவை நம்பி, முழங்கால் மடிக்க முடியாத அம்மாவை அனுப்பவும் பயம். போகாதேயுங்கோ என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. அதனால் அண்ணையிடம் சொன்னேன். அவர் மறித்துத் தந்தார். எப்படி மறித்தீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. அந்தச் சூட்கேசை அலுமாரிக்கு மேல் திருப்பி வைத்தபோது எனக்கு உடம்பே லேசாகிப் போனது. அதுவும் நல்ல ஞாபகம்.

இருந்தும் அண்ணையில் கோபம் குறையவில்லை. மறிக்கச் சொன்னேன், பொய்ச் சாமி செய்யச் சொல்லவில்லை. இதைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

6

மது திரும்பி வந்ததும் முதல் வேலையாக அனுப்ப வேண்டிய விலாசத்தை என் கையில் தந்தாள். "எங்கடை இல்லை அம்மா, குடுத்திடுவம்" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு இது இரண்டு வரிக் கணக்கு.

எனக்கு அப்படியில்லை. பூசை கண்ட கல்லைச் சும்மா தூக்கிப் பெட்டியில் போடலாமா? ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"ஆர் பிரதிஷ்டை செய்தது?" என்றார்.

"அம்மா."

"அப்ப அம்மாவைத்தான் கேக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, வேறு போன் வருகிறது என்று வைத்துவிட்டார்.

அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றேன். கேட்க வாய் வரவில்லை. அம்மா அந்தக் கல்லை மடியில் வைத்துக் கனநேரம் பார்த்ததுதான் நினைவு வந்தது. அவருக்குத் தன் வைரவரைத் தெரியாதா? நாற்பது வருடம் எண்ணெய் பூசிய கை. தெரிந்துகொண்டே எங்களுக்காகச் சரி என்று சொன்னாரோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதை அதற்கு மேல் நினைக்க நான் விடவில்லை.

அவுஸ்திரேலியாவுக்கு மண், எண்ணெய், பூ ஒட்டிய சாமான் போகாது. கோப்பை கழுவுகிற திரவம் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் உரஞ்சினேன். சந்தனம் போனது, குங்குமம் போனது, நெய்ப்பிசுக்குப் போனது. அம்மா சேர்த்த எல்லாம் சிங்கில் இறங்கிப் போனது. கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு சிவப்புக் கல். அழகான கல் என்று முதன்முறையாக அப்போதுதான் பார்த்தேன். நான் வாய்விட்டு அழுதேன்.

தபால் கந்தோர்க் கவுண்டரில் இருந்த பிள்ளை, "உள்ளே என்ன?" என்றாள்.

"கல்."

"நகைக்கடைக் கல்லா?"

"சாதாரணக் கல்."

கஸ்டம்ஸ் படிவத்தில் அன்பளிப்பு என்று ஒரு கட்டம், ஆவணம் என்று ஒரு கட்டம், வியாபார மாதிரி என்று ஒரு கட்டம். தினமும் இந்தப் படிவங்களைக் கையால் தள்ளுகிறவள் நான், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு அதில் கட்டம் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். "வேறு" என்பதில் புள்ளடி போட்டேன்.

உள்ளே ஒரு கடிதமும் வைத்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்து, மூன்றாம் முறை எழுதியது. முதலாவதில் எல்லாப் பழியையும் அண்ணையில் போட்டிருந்தேன். இரண்டாவதில் எங்கள் ஊர்க் கதையை எழுதி எழுதி அது எங்களைப் பற்றிய கடிதமாகிவிட்டது. மூன்றாவது இப்படி இருந்தது: "இந்தக் கல் உங்களுடையது. எங்கள் குடும்பம் கேட்காமல் எடுத்தது. என் தாய் இதைத் தன் கடவுள் என்று நம்பினார். அவர்மேல் பிழையில்லை. எங்களை மன்னியுங்கள்."

7

திவசம் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஐயரும் தன் காரிடம் ஓடிவிட்டார். பூமணி அக்கா வழக்கம்போல் கைப்பைக்குள்ளிருந்து சூடத்தை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார். இப்போது அவருக்கும் ஊன்றுகோல் வந்துவிட்டது. நான் பின்னாலேயே போனேன். சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அக்கா, அண்ணை எங்களை ஏமாற்றிப் போட்டார். அது எங்கள் ஊர்க் கல் இல்லை. நீங்கள் உங்கள் பயணத்தைச் சும்மா விட்டீர்கள். எல்லாம் தயாராக இருந்தது.

வெறும் சீமெந்துக் கல்லைப் பார்த்து அவர் நின்றுவிட்டார்.

"எங்கை பிள்ளை வைரவர்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். மது ஜன்னலுக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை எடுப்பிச்சிட்டார் அக்கா" என்றேன். "பாதை மறுபடி திறந்தவுடனை ஊருக்குக் கொண்டுபோய், எடுத்த இடத்திலையே திரும்ப வைக்கப் போறாராம்."

என் வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக வந்தது என்று எனக்கே பயமாக இருந்தது.

பூமணி அக்காவின் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல விசயம் பிள்ளை. பாதை திறந்தால் ஒருக்காப் போயிட்டு வருவமெண்டு நானும் நினைச்சுக்கொண்டு இருந்தனான். இனி நான் போகாட்டிலும் பரவாயில்லை. அண்ணை வைக்கேக்கை என்ரை பேரையும் சொல்லி வைக்கச் சொல்லு."

"ஓம் அக்கா" என்றேன். "சொல்லுறன்."